வெயிலும் காலும் சேர்ந்து ஓட்டும் சைக்கிளுக்குத் தனிப் பிரிவு கேட்டு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் கடற்கரைச் சாலையில் நெடுந்தொலைவு சைக்கிள் போட்டி நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற தை மாதம் நீங்கள் நடத்திய 400 கி.மீ. போட்டியின் பதிவு மேசைக்கு, தலைக்கு மேல் இரண்டு சூரியத் தகடுகளும் கீழே சாய்வு நாற்காலியைப் போன்ற இருக்கையும் கொண்ட ஒரு வண்டி வந்ததும், கால் மணி நேரத்தில் அது திருப்பி அனுப்பப்பட்டதும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அந்த வண்டியைக் கட்டியவனும் ஓட்டி வந்தவனும் நான்தான். இருபத்திரண்டு ஆண்டுகளாக மோட்டார் காயில் கட்டிப் பிழைப்பவன். வயல் பம்ப்செட்டும் ஐஸ் கம்பெனி மோட்டாரும் என் கடைக்கு வராத நாள் குறைவு. அன்று நான் வாதாடவில்லை. பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது வாதாடுவது முறையாகாது என்பதால் திரும்பிவிட்டேன். அன்று சொல்ல நினைத்ததை நிதானமாக எழுதி, அடுத்த போட்டிக்கான விதிகளை நீங்கள் அச்சிடுவதற்கு முன் முன்வைக்கவே இந்த மடல்.

அன்று எனக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. படுத்தபடி ஓட்டுவதால் இது சைக்கிளே அல்ல என்பது ஒன்று. மோட்டார் இருப்பதால் இது பந்தயத்துக்கு ஆகாது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள் என்றாலும் இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதை நான் ஏற்கவில்லை. இரண்டாவதில் பாதி நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

சாய்ந்தமர்ந்து ஓட்டும் சைக்கிளை வெளிநாட்டார் ரிகம்பென்ட் என்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் கட்டில் வண்டி என்கிறார்கள். அது நேற்று முளைத்த விளையாட்டுப் பொருள் அல்ல. 1933-இல் பிரான்சில் சார்ல் மோஷே வடிவமைத்த இத்தகைய வண்டியில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டி, 1914 முதல் ஆஸ்கர் எக் என்பவரின் பெயரில் இருந்த சாதனையைக் கடந்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு பந்தய சைக்கிள் என்பது எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று வரையறுத்து, இந்த வகையைத் தன் பந்தயங்களிலிருந்து விலக்கியது. ஓட்டியவர் ஏமாற்றினார் என்று யாரும் சொல்லவில்லை. காற்றை அவர் குறைவாக எதிர்கொண்டார் என்பதுதான் குறை. அந்தக் கூட்டமைப்பின் வரையறைக்குள் வராத நெடுந்தொலைவு ஓட்டங்கள் இதை இவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பதில்லை. 1,200 கி.மீ. தூரத்தை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தில் இத்தகைய வண்டிகள் எல்லோருடனும் சேர்ந்து ஓடுகின்றன. உங்கள் போட்டி அந்த மரபைச் சேர்ந்தது. தேர்ச்சிக்கு நீங்கள் வைத்திருக்கும் 27 மணி நேர வரம்பும் அங்கிருந்து வந்ததுதான்.

இனி மோட்டார். நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருந்து, வேகம் 25 கி.மீ.யைத் தொடும்போது உதவி நின்றுவிடும் மிதிவண்டி, மற்ற நிபந்தனைகளுக்கும் உட்பட்டிருந்தால், மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. என் வண்டி அந்த வரம்புக்குள் அடங்கியது. ஆனால் சாலையில் ஓட அனுமதி இருப்பது வேறு, பந்தயத்தில் ஓடத் தகுதி இருப்பது வேறு என்பதை நான் அறிவேன். வெறும் காலால் மிதித்து வரும் ஒரு கல்லூரி மாணவனுடன் நான் ஒரே பிரிவில் நின்று பரிசு வாங்கினால் அது எனக்கே வெட்கம். ஆகவே பொதுப் பிரிவில் இடம் கேட்கவில்லை. சூரிய உதவியுடன் ஓடும் சாய்வு சைக்கிள்களுக்குத் தனிப் பிரிவு ஒன்றையும், அந்தப் பிரிவுக்குப் பொருந்தும் நேரத்தையும் விதிகளையும் கேட்கிறேன்.

இப்படியொரு பந்தயம் உலகில் இல்லாமல் இல்லை. பிரான்சில் தொடங்கிய சன் ட்ரிப் ஓட்டத்தின் முதல் பயணம் 2013-இல் சாம்பேரியிலிருந்து கசகஸ்தானின் அஸ்தானா வரை சென்றது. 2018-இல் லியோன் நகரிலிருந்து சீனத்தின் குவாங்சோ வரை ஏறக்குறைய 12,000 கி.மீ. ஓடினார்கள். நம் நாட்டிலேயே 2016-இல் சுஷில் ரெட்டி என்ற இளைஞர் சூரிய மின்சாரத்தில் ஓடும் சைக்கிளில் மும்பையில் கிளம்பி, 7,400 கி.மீ.க்கு மேல் சுற்றி, 79 நாளில் மும்பைக்கே திரும்பி கின்னஸ் பதிவில் இடம்பெற்றார். நம் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இயங்குகிறது. அங்கே நிற்கும் இருபத்தைந்து இலட்சம் தகடுகளுக்கு என் வண்டியின் இரண்டு தகடுகள் தூரத்து உறவு என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மோட்டார் இழுக்கும், இவன் சும்மா படுத்திருப்பான் என்ற எண்ணம் உங்கள் மேசையில் இருந்தவர்களின் முகத்தில் தெரிந்தது. கணக்கைச் சொல்கிறேன். என் தகடுகள் பெயரளவில் மொத்தம் 220 வாட். அந்த எண் தொழிற்சாலையில் 25 பாகை வெப்பநிலையில் அளக்கப்பட்டது. நம் வெயிலில் நண்பகலில் தகட்டைத் தொட்டால் கை சுடும். 60 பாகையைத் தாண்டிவிடும். சிலிக்கான் தகடு 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றில் 0.4 பங்கு அளவுக்குத் திறனை இழப்பதால், வெயில் உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில் தகடு தளர்ந்துபோகிறது. எல்லா இழப்பும் போக நண்பகலில் எனக்குக் கிடைப்பது 160 அல்லது 170 வாட். ஒரு முழு நாளில் 800 வாட் மணி கிடைத்தால் அது நல்ல நாள். எட்டு மணி நேரம் விடாமல் மிதிக்கும் என் கால்கள் தருவதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆக, காலும் வெயிலும் ஆளுக்குப் பாதி இழுத்தால்தான் வண்டி 200 கி.மீ. போகும், ஒன்று ஓய்ந்தால் மற்றது தனியாகத் தாங்காது.

இந்தப் பந்தயத்தின் சூட்சுமம் மின்சாரத்தைச் சேர்ப்பதில் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது செலவழிப்பதில் இருக்கிறது. காலையில் சிக்கனம் பிடித்து பாட்டரியை நிரப்பி வைத்துக்கொண்டு பதினொரு மணிக்குச் சாயல்குடி வந்தடைந்தால், நாளின் மிக நல்ல வெயிலை வாங்கிக்கொள்ள பாட்டரியில் இடம் இருக்காது. கன்ட்ரோலர் தகட்டைத் துண்டித்துவிடும். தலைக்கு மேல் பொழிவது அத்தனையும் வீண். ஆகவே காலை இளவெயிலில் தைரியமாகச் செலவழித்து, பத்தரை மணிக்கு பாட்டரியைக் கால்வாசிக்கு இறக்கி, உச்சி வெயிலுக்கு இடம் ஒழித்து வைக்க வேண்டும். பிறகு மேகம் வந்துவிட்டால் அந்தத் தைரியமே வினையாகி, 40 கிலோ எடையுள்ள வண்டியைக் காலால் மட்டும் மிதிக்க வேண்டி வரும். முதல் ஆண்டு எனக்கு இரண்டும் நடந்தன. இத்தனை கணக்கையும் மிதித்துக்கொண்டே போட வேண்டிய விளையாட்டைப் பந்தயம் அல்ல என்று எப்படிச் சொல்வது?

சாப்பிட உட்காரும்போதும் கணக்கு ஓய்வதில்லை. ஓட்டுபவனுக்கு நிழல் வேண்டும். வண்டிக்கு வெயில் வேண்டும். ஏர்வாடி தாண்டி ஒரு டீக்கடையில் நான் பந்தலுக்குள் அமர்ந்திருக்க, வண்டி சாலையோரம் வெயிலில் நின்றது. அருகிலிருந்த பனையின் நிழல் விரல் அளவு தகட்டின் ஓரத்தில் ஏறியதும் மீட்டரில் எண் பாதியாக விழுந்தது. தகட்டில் உள்ள செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை என்பதால், ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் முடங்கும். டீயை முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்து போய் வண்டியை நகர்த்தினேன். "பசு மாட்டை மாத்திக் கட்டுற மாதிரியில்ல கட்டுறீங்க அண்ணே" என்றார் கடைக்காரத் தம்பி.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் நம் கரையில் எந்த ஓட்டத்தையும் பேச முடியாது. தையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். தூத்துக்குடி நோக்கிப் போகையில் முதுகைத் தள்ளிக்கொடுத்துவிட்டு, திரும்புகையில் கொடுத்ததை வட்டியோடு வாங்கிக்கொள்ளும். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது இது தலைகீழாக மாறும். 20 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிளுக்கு எதிரே 20 கி.மீ. காற்று வீசினால், காற்றின் தடை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். அப்போது நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுபவரைவிடச் சாய்ந்தமர்ந்தவருக்குச் சிரமம் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த இலாபத்தின் பெரும்பகுதியைத் தலைக்கு மேல் இருக்கும் தகடு தின்றுவிடுகிறது.

தின்பதோடு நிற்பதும் இல்லை, ஆளையும் கவிழ்க்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் எனக்கு நடந்ததை, உங்களுக்குச் சாதகமான சாட்சியம் என்று தெரிந்தே எழுதுகிறேன். வடகடலிலிருந்து வாடை நன்றாக வீசிக்கொண்டிருந்த ஒரு காலை, வண்டியை இடப்பக்கக் காற்றுக்கு ஈடாகச் சற்றுச் சாய்த்துப் பிடித்தபடி தீவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தேன். முன்னே சென்ற பேருந்து ஒன்று, படம் எடுக்கும் கூட்டத்துக்காக இடது ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது. நான் வலப்புறமாக விலகி அதைக் கடந்த நொடியில் காற்று சட்டென்று அற்றுப்போனது. நான் காற்றின் மேல் சாய்ந்திருந்த சாய்வு மட்டும் மிஞ்சி, பேருந்தை உரசும் அளவுக்கு இடப்புறம் போனேன். பேருந்தின் மூக்கைத் தாண்டியதும் மறைந்திருந்த காற்று முழு வேகத்தோடு தகட்டின் அடியில் புகுந்து, என்னைச் சாலையின் நடுக்கோட்டுக்கு அப்பால் தூக்கி வைத்தது. எதிரில் வண்டி இல்லாததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நடந்ததை மேலே நின்று பார்த்த பாம்பன்காரர் ஒருவர், தகட்டைத் தட்டிப் பார்த்து, "பாயை இறக்காமப் புயல்ல போறீகளே" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதைத்தான் பிறகு செய்தேன். இரண்டு தகடுகளுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டு, காற்று ஊடே போக வழி செய்தேன். பின்பக்கத் தகட்டைக் கீல் வைத்துப் பொருத்தியதால், இப்போது இரண்டு திருகைக் கழற்றினால் அது முதுகுப்புறமாகத் தொங்கிவிடும். பாலத்தில் மின்சாரம் குறையும்; வண்டி நேராகப் போகும். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடும் வழக்கம் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். ரயிலுக்கு இருந்த அந்த ஒழுங்கைப் போல எங்கள் பிரிவுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். பாலத்தின் மண்டபம் பக்கத்தில் ஒரு கைக்காற்றுமானியுடன் ஒருவரை நிறுத்தி, காற்று 30 கி.மீ.யைத் தாண்டினால் தகட்டை இறக்கச் சொல்லுங்கள். 40-ஐத் தாண்டினால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். இந்த எண்கள் என் வண்டியில் நான் கண்டவை. இன்னும் கடுமையாக வைத்தாலும் மறுப்பில்லை.

நேரத்தைப் பற்றி. நீங்கள் அதிகாலை நான்கு மணிக்குக் கொடி அசைக்கிறீர்கள். மற்றவர்களுக்கு அது குளிர்ச்சியான நேரம். சூரிய வண்டிக்கோ முதல் மூன்று மணி நேரம் இருட்டில் சுமை தூக்கும் வேலை. இரவில் தாழ்வான வண்டியில் கடற்கரைச் சாலையில் ஓடுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். லாரி ஓட்டுநரின் கண்மட்டத்துக்கு வெகு கீழே நாங்கள் இருக்கிறோம். ஆகவே எங்கள் பிரிவை இரண்டு பகல்களாகப் பிரித்து, காலை ஏழு மணி முதல் மாலை ஐந்தரை வரை மட்டும் ஓடவிடுங்கள். முதல் நாள் இராமநாதபுரத்திலிருந்து அரிச்சல்முனை சென்று திரும்பி, கீழக்கரை வழியாகச் சாயல்குடியில் தங்கல். மறுநாள் தூத்துக்குடி சென்று இராமநாதபுரம் திரும்பல். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 200 கி.மீ. வரும். பாலத்தையும் தனுஷ்கோடிச் சாலையையும் முதல் நாள் முற்பகலிலேயே கடந்துவிடலாம் என்பது இதன் நன்மை. 2017-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலையின் மேல் காற்று ஏறிய நாட்களில் மணல் படிந்துவிடும். சிறிய முன்சக்கரம் அதில் இழுத்துவிடும் என்பதால் அங்கே வேகத்தை நீங்களே கட்டுப்படுத்தலாம்.

மாதத்தை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன். தையில் நண்பகல் சூரியன் தென்புறமாக 30 பாகை வரை சாய்ந்திருப்பதால், மட்டமாகக் கிடக்கும் தகடு எட்டில் ஒரு பங்கை இழக்கிறது. சித்திரை முதல் நாளை ஒட்டி நம் ஊரில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். நட்டு வைத்த கம்பின் நிழல் கம்பின் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். தகட்டுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. ஆனால் அந்த வெயிலில் பத்து மணி நேரம் மிதிப்பவனின் நிலையை நினைத்துச் சித்திரையை நான் கேட்கவில்லை. மாசிக் கடைசி இரண்டுக்கும் நடுவானது. வாடையும் அதற்குள் தணிந்திருக்கும்.

விதிகளில் நான் மிக முக்கியமாகக் கருதுவது பாட்டரியின் முத்திரை. சுவர் மின்சாரத்தில் ஒருவர் இரகசியமாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டால் இந்தப் பிரிவுக்கே பொருள் இல்லை. எல்லோருக்கும் பாட்டரியின் உச்ச அளவு 500 வாட் மணி என்று வைத்து, புறப்படும்போது உங்கள் ஆள் அளந்து, சார்ஜ் ஏற்றும் துளைக்கு மின்வாரியத்தார் மீட்டருக்கு வைப்பதைப் போல ஈய முத்திரை வைக்கட்டும். தகட்டிலிருந்து வரும் கம்பியில் மூடி முத்திரையிட்ட ஒரு வாட் மீட்டர் இருந்தால் அன்றைக்கு வெயில் தந்தது எவ்வளவு என்று மாலையில் எழுதிக்கொள்ளலாம். தகட்டின் பரப்புக்குப் பொருந்தாத எண் வந்தால் கேள்வி கேட்கலாம். இரவு சாயல்குடியில் வண்டிகளைக் கூரைக்கு அடியில் பூட்டி வைத்தால், விடியற்காலையில் யாரும் முந்திக்கொண்டு வெயில் பிடிக்க முடியாது. தகட்டின் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் முதலில் வருந்துவது ஓட்டுபவர்தான் என்றாலும் விதியாக எழுதி வைப்பது நல்லது. தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் ஆரஞ்சு நிறக் கொடி, பகலிலும் எரியும் பின்விளக்கு, இருபுறமும் கண்ணாடி ஆகியவை கட்டாயம்.

இவற்றைத் தவிர நம் கரைக்கே உரிய இரண்டு தொல்லைகளுக்கு விதி எழுதத் தேவையில்லை. வருபவர்களுக்கு முன்கூட்டிச் சொன்னால் போதும். கடற்காற்றில் தகட்டின் மேல் படியும் உப்பை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும்; அரை லிட்டர் நல்ல தண்ணீர் தனியாக எடுத்துவர வேண்டும். இணைப்பு முனைகளில் வாசலின் தடவாவிட்டால் ஒரே பருவத்தில் பச்சை பூத்துவிடும். சீமைக் கருவேல முள்ளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டி டயருக்குள் வைப்பதுதான் நான் கண்ட மருந்து. எடை கூடும், ஆனால் வாலிநோக்கம் விலக்கில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டும் வேலை மிச்சம்.

முதல் ஆண்டில் நான்கைந்து வண்டிகளுக்கு மேல் வராது என்பதால் இந்தப் பிரிவுக்குப் பரிசுத் தொகை எதுவும் வைக்க வேண்டாம். முத்திரைக் கம்பி, வாட் மீட்டர், காற்றுமானி மூன்றையும் என் செலவில் வாங்கித் தருகிறேன். கட்டணம் மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவே வாங்குங்கள்.

ஐப்பசிக்குள் நீங்கள் சொல்லும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை உங்கள் இடத்துக்குக் கொண்டுவருகிறேன். பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், எடை போடுங்கள், உங்கள் உறுப்பினர் ஒருவர் தகட்டை இறக்கி ஏற்றியும் பார்க்கட்டும். விருப்பமிருந்தால் அவரே அமர்ந்து தேவிபட்டினம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வரலாம். முதல் நூறு அடிக்கு மட்டும் வண்டியை நான் பிடித்துக்கொண்டு கூட ஓடி வர வேண்டியிருக்கும்.

இங்ஙனம்,
காயில் கட்டும் தொழிலாளி ஒருவன்,
உச்சிப்புளி.